ஸ்விங் சொல்லித்தராத கோல்ஃப் கோச்சை நம்பி மகளை அனுப்பலாமா?

கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு அப்பா கேட்டிருக்கும் கேள்வி இது. மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். ஆறு வருஷமாக சனி, ஞாயிறு விடியற்காலையில் அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஓசூர், அத்திப்பள்ளி தாண்டி பெங்களூருக்குப் போய் ஒரு கோச்சிடம் கோல்ஃப் பழக்கி வருகிறார். இப்போது அமெரிக்காவில் ஒரு டிவிஷன் 2 (கல்லூரி விளையாட்டின் மூன்று மட்டங்களில் இரண்டாவது) கல்லூரியின் பெண்கள் அணி கோச் வீடியோ காலில் பேசியிருக்கிறார். பேச்சுக்கு நடுவே அவர், "ஸ்விங்கில் நான் அதிகம் கை வைக்க மாட்டேன், அதை அவளுடைய இப்போதைய கோச்சே பார்த்துக்கொள்ளட்டும்" என்று சொன்னாராம். அன்றிலிருந்து இவருக்குத் தூக்கம் இல்லை. ஸ்விங்கே, அதாவது மட்டையை வீசி அடிக்கும் விதத்தையே, சொல்லித்தராத ஆள் எப்படி கோச் ஆவார், என்ன வேலைக்குச் சம்பளம் வாங்குகிறார், இவரை நம்பி அனுப்பலாமா என்று கேட்கிறார்.

மேலே தெரிகிற கேள்வி கோச்சின் வேலை என்ன என்பது. நீங்கள் உள்ளூர கேட்பது, பதினெட்டு வயசுப் பெண்ணைக் கடல் தாண்டி அனுப்பினால் அங்கே அவளுக்கு யார் இருக்கிறார்கள் என்பது. இரண்டுக்கும் ஒரே ஆள்தான் பதில், அதனால் சேர்த்தே சொல்கிறேன்.

நான் காவேரிப்பட்டணத்துக்காரன். அப்பாவுக்கு ஓசூர் சிப்காட்டில் வேலை, வளர்ந்தது அங்கே. பெங்களூரில் கோல்ஃப் பழகி, அமெரிக்காவில் ஒரு டிவிஷன் 2 கல்லூரி அணியில் நாலு வருஷம் ஆடினேன். பிறகு மேற்படிப்பு படித்துக்கொண்டே அதே அணிக்கு இரண்டு வருஷம் துணைக் கோச்சாக இருந்தேன். திரும்பி வந்து பதினோரு வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறேன். அவர்களில் சிலர் இப்போது அங்கே படிக்கிறார்கள். நான் இருந்தது ஆண்கள் அணி. பெண்கள் அணி கோச்சுக்கு அடுத்த அறை, பல போட்டிகளுக்கு இரண்டு அணியும் சேர்ந்தே போவோம், அதனால் அந்தப் பக்கமும் ஓரளவு தெரியும். டிவிஷன் 1 பற்றிச் சொல்வதெல்லாம் விதிப் புத்தகத்தைப் படித்தும், அங்கே ஆடிய நண்பர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டது. இதை மனசில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் நேரக் கணக்கைப் பாருங்கள். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. விதிப்படி, சீசன் நடக்கும்போது ஒரு மாணவியை அணி வேலைக்காக வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, ஒரு நாளைக்கு 4 மணி நேரம், வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு. ஜிம், மீட்டிங், ஆட்டம் எல்லாம் அந்த 20-க்குள் அடக்கம். கோல்ஃபில் பல போட்டிகள் முதல் நாளே 36 ஹோல், அதாவது இரண்டு முழு ரவுண்டு, வைக்கிறார்கள். பையைத் தோளில் போட்டுக்கொண்டு காலையில் இறங்கினால் பொழுது சாயும்போதுதான் கரையேறுவார்கள், ஆனால் விதிப்படி போட்டி நாள் என்றால் எவ்வளவு நேரம் ஆடினாலும் கணக்கில் 3 மணி நேரம்தான். சீசன் இல்லாத மாதங்களில் வாரத்துக்கு 8 மணி நேரம். இதில் எட்டு, ஒன்பது பேரைப் பார்க்க வேண்டும். ஆகஸ்டில் கல்லூரி திறக்கும், செப்டம்பரில் முதல் போட்டி வந்துவிடும். ஒரு ஸ்விங்கைப் பிரித்துப்போட்டு மறுபடி கட்ட எத்தனை மாசம் ஆகும் என்பது ஆறு வருஷம் ரேஞ்சில் நின்று பார்த்த உங்களுக்கே தெரியும். அது நடுவில் நிற்கும்போது ஸ்கோர் ஏறும், கோல்ஃபில் ஸ்கோர் குறைந்தால்தான் நல்லது. செப்டம்பரில் ஸ்கோர் கொடுக்க வேண்டிய பிள்ளைக்கு ஆகஸ்டில் பிடியை மாற்றுகிற கோச்சைப் பார்த்துத்தான் நான் பயப்படுவேன். உங்களிடம் பேசியவர் சொன்ன வார்த்தை எனக்கு நல்ல அறிகுறியாகவே படுகிறது.

ஸ்விங்குக்கு ஒருவர், அணிக்கு ஒருவர் என்பது இன்று நேற்று வந்த பிரிவினையும் இல்லை. ஹார்வி பெனிக் என்று டெக்சாஸில் ஒருவர் இருந்தார், கோல்ஃப் சொல்லித்தருவதில் அவருக்கு இணையாக இன்னொருவரைச் சொல்வது கஷ்டம். 1931 முதல் 1963 வரை டெக்சாஸ் பல்கலைக்கழக அணிக்கு அவரே கோச். அந்த அணி தேசியப் பட்டத்தை முதன்முதலாக வென்றது 1971-இல், மறுபடி 1972-இல். அப்போது கோச் ஜார்ஜ் ஹானன். அந்த அணியின் தூண்களான பென் கிரென்ஷாவும் டாம் கைட்டும் ஸ்விங்குக்குப் போய் நின்றது பழைய பெனிக்கிடம், அணியை நடத்தியது ஹானன். இன்னொரு பக்கம் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தின் டேவ் வில்லியம்ஸைப் பாருங்கள். இன்ஜினியரிங் பாடம் நடத்திக்கொண்டிருந்த வாத்தியார். அவர் கோச்சாக இருந்தபோது அந்த அணி 1956-க்கும் 1985-க்கும் நடுவில் 16 தேசியப் பட்டங்களை வென்றது. இவர் ஸ்விங் சொல்லிக்கொடுத்துப் பேர் வாங்கியவர் இல்லை. ஆட்களைத் தேடிப் பிடிப்பது, அணிக்குள்ளேயே போட்டி வைத்து அவர்களைக் கூர்தீட்டுவது, நல்ல போட்டிகளை ஏற்பாடு செய்வது, இதில் பேர் வாங்கியவர்.

சரி, அப்படியானால் அந்த ஆள் காலையிலிருந்து ராத்திரி வரை என்னதான் செய்கிறார்?

கோச்சின் கையில் இருக்கும் பெரிய அதிகாரம், போட்டிக்குப் போகிற ஐந்து பேரைத் தேர்ந்தெடுப்பது. கல்லூரி கோல்ஃபில் ஐந்து பேர் ஆடுவார்கள், ஒவ்வொரு ரவுண்டிலும் நல்ல நாலு ஸ்கோர் மட்டும் அணிக் கணக்கில் சேரும். 72, 74, 75, 76, 83 என்று வந்தால் 83-ஐ விட்டுவிட்டு 297. அணியில் ஒன்பது பேர் இருந்தால் நாலு பேர் வீட்டில். யார் போவது என்பதை முடிவுசெய்ய அணிக்குள் தகுதிச் சுற்று நடக்கும், குவாலிஃபையிங் என்பார்கள். சில கோச்கள் ஐந்து இடத்தையும் ஸ்கோர் வரிசைப்படியே கொடுத்துவிடுவார்கள். சிலர் மூன்று இடத்தை ஸ்கோருக்கும் இரண்டைத் தன் விருப்பத்துக்கும் வைத்துக்கொள்வார்கள். போன போட்டியில் முதல் சில இடங்களுக்குள் முடித்தவருக்குத் தகுதிச் சுற்றே வேண்டாம் என்று சொல்கிறவர்களும் உண்டு. எந்த முறை சரி என்று அடித்துச் சொல்ல என்னால் முடியாது, எல்லாவற்றிலும் யாராவது ஒருவருக்கு அநியாயமாகத் தோன்றும். எந்த முறை என்பதை முன்கூட்டியே எழுதிக் காட்டிவிட்டு அதிலிருந்து மாறாமல் இருப்பதுதான் முக்கியம். அணி உடைவது தோல்வியால் என்று நான் பார்த்ததே இல்லை, இந்த ஐந்தாவது இடத்தை எப்படிக் கொடுத்தார் என்ற சந்தேகத்தால்தான் உடைந்தது.

இரண்டாம் வருஷம் எனக்கு இது நடந்தது. தொடர்ந்து மூன்று போட்டிகளுக்கு நான் போகவில்லை. ஊரில் ஜூனியர் போட்டிகளில் ஜெயித்தே பழகியவன், அந்த ஆறு வாரம் அறையைவிட்டு வெளியே வரவே பிடிக்கவில்லை. அப்பாவிடம் போனில் ஏதேதோ காரணம் சொன்னேன். என் கோச் செய்தது இதுதான்: பேர்ப்பட்டியல் ஒட்டுவதற்கு முன்னாலேயே என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, கடைசி பத்து ரவுண்டின் கணக்கை மேசையில் விரித்து, 150 கஜத்திலிருந்து நான் எத்தனை தடவை கிரீனை (குழி இருக்கும் வழவழப்பான புல்தரையை) தவறவிட்டேன், எந்தப் பக்கம் தவறவிட்டேன் என்று காட்டினார். "உன் பட்டிங்கை (குழிக்குள் பந்தை உருட்டுவதை) நீ திட்டிக்கொண்டிருக்கிறாய், அது நன்றாகத்தான் இருக்கிறது. இதை உன் ஊர் கோச்சுக்கு அனுப்பு" என்றார். அனுப்பினேன். பெங்களூரில் என் கோச் வீடியோவைப் பார்த்து ஒரே ஒரு விஷயம் சொன்னார், பந்து நிற்கும் இடம் அரை அடி முன்னால் போயிருக்கிறது என்று. அதைக் கண்டுபிடிக்க அங்கே ஒரு கண்ணும் இங்கே ஒரு கண்ணும் வேண்டியிருந்தது. இப்போது நிறைய அணிகள் இந்த மாதிரிக் கணக்கு எடுக்கின்றன. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி உருவாக்கிய, ஒவ்வொரு அடியிலும் சராசரியைவிட எவ்வளவு லாபம், நஷ்டம் என்று பார்க்கும் ஸ்ட்ரோக்ஸ் கெயின்ட் கணக்கை 2011-இல் பி.ஜி.ஏ. டூர் (அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடர்) முதலில் பட்டிங்குக்கு எடுத்துக்கொண்டது, அதற்கப்புறம் கல்லூரிகளிலும் பரவிவிட்டது. ஒவ்வொரு அடியும் எங்கிருந்து எங்கே போனது என்று பிள்ளைகளை எழுதவைத்து, எங்கே ஸ்ட்ரோக் கசிகிறது என்று பார்ப்பது கோச்சின் வேலை. கசிவை அடைப்பது உங்கள் பெங்களூர் கோச்சின் வேலையாகவே இருக்கலாம்.

அடுத்தது மைதானத்துக்குள். இது நிறையப் பெற்றோருக்குத் தெரியாது. சாதாரணமாக கோல்ஃப் விதிப்படி ஆட்டத்தின் நடுவில் கேடியை (பை தூக்கிவரும் உதவியாளரை) தவிர வேறு யாரிடமும் யோசனை கேட்கக் கூடாது. ஜூனியர் போட்டிகளில் கயிற்றுக்கு வெளியே நின்று நீங்கள் வாய்க்குள்ளேயே பேசிக்கொண்டிருந்திருப்பீர்கள். கல்லூரி அணிப் போட்டிகளில் கோச் யோசனை சொல்ல அனுமதி உண்டு. கேடி கிடையாது, பிள்ளைகள் பையைத் தாங்களே தூக்குவார்கள் அல்லது தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளுவார்கள். ஆகவே அந்த நாலரை, ஐந்து மணி நேரத்தில் அவளுக்கு விதிப்படி யோசனை சொல்லக்கூடிய ஒரே ஆட்கள் கோச்சும் துணைக் கோச்சும். ஐந்து பேரும் வெவ்வேறு ஹோலில் இருப்பார்கள், எல்லோரோடும் நடக்க முடியாது. அதனால் பெரும்பாலும் ஒரு கஷ்டமான பார் 3-இல் (மூன்று அடியில் முடிக்க வேண்டிய ஹோலில்) போய் நின்றுகொள்வோம், ஐந்து பேரும் அந்த வழியாக வந்துதானே ஆக வேண்டும்.

துணைக் கோச்சாக இருந்தபோது ஒரு நாள் அப்படி நின்றேன். 165 கஜம், கொடி வலது ஓரம், அதற்கும் வலப்பக்கம் குளம், இடமிருந்து காற்று. எங்கள் ஐந்தாவது பையன் வந்தான். முதல் ஆறு ஹோலிலேயே பாருக்கு ஐந்து அடி மேலே. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, கொடிக்கு நேராக அடித்து ஒரே அடியில் எல்லாவற்றையும் மீட்கப் போகிறான். ஸ்விங்கைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை. மத்தியானம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன், ஒன்றும் இல்லை என்றான், பையில் இருந்த வாழைப்பழத்தைக் கொடுத்தேன். அப்புறம் இடது ஓரத்து மணல் பங்கரைக் காட்டி, அங்கிருந்து ஆரம்பித்துக் கிரீன் நடுவுக்குக் கொண்டுவா, ஒரு கிளப் அதிகமாக (இன்னும் தூரம் போகிற மட்டையாக) எடு என்றேன். முப்பதடி தள்ளி நிறுத்தி இரண்டு பட்டில் பார் எடுத்தான். கடைசியில் 79. அன்று எங்கள் இரண்டாவது பையன், நல்ல ஆட்டக்காரன், 82 அடித்துவிட்டான். 79 கணக்கில் வந்தது. ஐந்தாவது ஆள் மனசுவிட்டு 85 அடித்திருந்தால் அந்த 82-ஐத்தான் சேர்க்க வேண்டியிருந்திருக்கும், மூன்று ஸ்ட்ரோக் போயிருக்கும். நாம் கணக்கில் வருவோமா மாட்டோமா என்று தெரியாமலேயே கடைசி ஹோல் வரை ஆட வேண்டிய ஆட்டம் இது. தனியாக ஆடிப் பழகிய நம் பிள்ளைகளுக்கு இது புரிய ஒரு வருஷம் ஆகிறது. அந்த ஒரு வருஷம் பக்கத்தில் நின்று புரியவைப்பதற்கு ஓர் ஆள் வேண்டும்.

போட்டிக்கு முந்தின நாள் பயிற்சி ரவுண்டும் கோச்சுடையதுதான். எந்த ஹோலில் டிரைவர் (அதிக தூரம் அடிக்கும் மட்டை) வேண்டாம், எந்த கிரீனில் மேலே நின்றால் பந்து நிற்காது, எந்தப் பக்கம் தவறினால் பரவாயில்லை என்று நோட்டில் எழுதிக்கொண்டே நடப்போம். காற்றும் குளிரும் தனிப் பாடம். நம் ஊர்ப் பிள்ளைகள் ஓசூர்க் குளிரையே பெரிதாகச் சொல்வார்கள். மார்ச் மாதத்தில் 6 டிகிரியில், மழைக்கோட்டுக்குள் கைகால் விறைத்து ஆட வேண்டி வரும், அப்போது பந்து பத்து கஜம் குறைவாகத்தான் போகும்.

இனி மைதானத்துக்கு வெளியே. வேலையில் பாதிக்குமேல் இங்கேதான். பல போட்டிகள் திங்கள், செவ்வாயில் நடக்கும், ஞாயிறு கிளம்ப வேண்டும். டிவிஷன் 2-இல் வேனை ஓட்டுவது பெரும்பாலும் கோச்தான், ஆறேழு மணி நேரம் ஓட்டுவது சகஜம். ஹோட்டல் அறை, சாப்பாட்டுக் காசு, எந்த அறையில் யாரோடு யார், எல்லாம் அவர் தலையில். வகுப்பைத் தவறவிடும் ஒவ்வொருவருக்கும் பேராசிரியருக்குக் கடிதம் போக வேண்டும். செவ்வாய் மாலை தேர்வு இருந்தால் அதை ஹோட்டல் லாபியில் கோச் மேற்பார்வையில் எழுதவைத்ததும் உண்டு, ஒரு பையன் கால்குலஸ் எழுதி முடிக்கும்வரை நான் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு செமஸ்டருக்கு 12 கிரெடிட் முழுநேரப் படிப்பு இருக்க வேண்டும். இது விளையாட்டு விதி மட்டும் இல்லை, வெளிநாட்டு மாணவிக்கு எஃப்-1 விசாவும் அதையே கேட்கிறது. அவசரப்பட்டு ஒரு பாடத்தைக் கைவிட்டு 12-க்குக் கீழே இறங்கினால் ஆட்டம், விசா இரண்டுக்கும் ஆபத்து. நல்ல கோச் இதை மாணவிக்கு முன்னாலேயே கவனித்துவிடுவார். ஸ்பான்சர் காசு விஷயத்திலும் அப்படித்தான்: அமெரிக்கப் பிள்ளைகள் இப்போது தங்கள் பேர், படத்தை வைத்துச் சம்பாதிக்கலாம், எஃப்-1 விசாவில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு அது சிக்கலான இடம், கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தைக் கேட்காமல் ஒரு டாலர்கூட வாங்கக் கூடாது.

மூன்றாம் வருஷம் மார்ச்சில், சீசன் நடுவில், காவேரிப்பட்டணத்தில் என் தாத்தா இறந்துபோனார். செய்தி வந்தது ராத்திரி பதினோரு மணிக்கு, மறுநாள் காலையில் போட்டிக்குக் கிளம்ப வேண்டும். கோச்சுக்கு ஒரு மெசேஜ் மட்டும் போட்டேன். இருபது நிமிஷத்தில் ஹாஸ்டல் வாசலில் அவர் வண்டி நின்றது. போக வேண்டுமா என்று கேட்டார், அடக்கத்துக்குள் போய்ச் சேர முடியாது, காரியத்துக்குப் போகலாம் என்றேன். காரியம் என்றால் என்ன என்று கேட்டார். பதினாறாம் நாள் என்று சொல்லி, என்ன செய்வோம் என்று நான் விளக்க விளக்க அவர் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். வண்டிக்குள் உட்கார்ந்து ஒரு மணி நேரம் தாத்தாவைப் பற்றி மட்டும்தான் பேசினோம், மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்துக் கடன்பட்ட கதை வரைக்கும். விமான நிலையம் இரண்டு மணி நேரத் தூரம், அவரே கொண்டுபோய் விட்டார். பத்து நாள் கழித்து வந்தபோது எல்லாப் பேராசிரியர்களுக்கும் தகவல் போயிருந்தது. அதற்கப்புறம் அவர் எனக்கு என்ன கிளப் எடு என்று சொன்னாலும் நான் எடுத்தேன். கோச்சிங் என்றால் எனக்கு இன்றைக்கும் அந்த வண்டிதான் ஞாபகம் வரும்.

எல்லா கோச்சும் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். நான் பழக்கி அனுப்பிய ஒரு பெண், ஊரைச் சொல்லவில்லை, கல்லூரியையும் சொல்லவில்லை, முதல் வருஷமே ஒடிந்துபோனாள். அந்த கோச் வீடியோ காலில் ஸ்விங்கைப் பற்றி அழகாகப் பேசினார், எனக்கும் பிடித்திருந்தது. போன பிறகு தகுதிச் சுற்று விதி வாரத்துக்கு ஒன்றாக மாறியது. மூன்று மாசம் அவளிடம் தனியாகப் பத்து நிமிஷம்கூடப் பேசவில்லை. வீட்டு ஏக்கத்தில் சாப்பிடாமல் எட்டு கிலோ இறங்கியதைக் கவனித்தது கோச் இல்லை, அறைத்தோழி. வேறு கல்லூரிக்கு மாறினாள், இப்போது நன்றாக இருக்கிறாள். விசாரிக்கும்போது நான் ஸ்விங்கைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டு மற்றதைக் கேட்காமல் விட்டேன், அந்தப் பிழை என்னுடையது. உங்கள் கேள்விக்கு இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

காசு விஷயம். இதுவும் கோச்சின் வேலையில் சேர்ந்ததே. டிவிஷன் 2-இல் ஒரு பெண்கள் கோல்ஃப் அணி மொத்தமே 5.4 முழு ஸ்காலர்ஷிப் அளவுக்குத்தான் கொடுக்க முடியும், ஆண்கள் என்றால் 3.6. அதை எட்டு, ஒன்பது பேருக்குப் பிய்த்துக் கொடுப்பார்கள், எல்லாக் கல்லூரியும் அந்த உச்சவரம்பு வரை கொடுப்பதும் இல்லை. டிவிஷன் 1-இல் பெண்களுக்கு 6, ஆண்களுக்கு 4.5 என்று இருந்தது. 2025-26 முதல், ஆட்டக்காரர்களுக்குக் கல்லூரியே நேரடியாகக் காசு கொடுக்கலாம் என்ற கோர்ட் சமரசத்தை ஏற்றுக்கொண்ட கல்லூரிகளில் அந்தக் கணக்கு போய், அணிக்கு 9 பேர் என்ற உச்சவரம்பு வந்திருக்கிறது. டிவிஷன் 3-இல் விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே கிடையாது, படிப்புக்கும் குடும்ப வசதிக்கும் பார்த்துக் கொடுப்பது மட்டும்தான். ஆக "ஸ்காலர்ஷிப் தருகிறேன்" என்று ஒரு கோச் சொன்னால் எத்தனை சதவீதம், எத்தனை வருஷத்துக்கு, படிப்புக்கான உதவித்தொகையையும் சேர்த்தா என்று எழுத்தில் கேளுங்கள். வருஷாவருஷம் புதுப்பிக்கிற மாதிரிதான் நிறையக் கடிதங்கள் வரும். அதைவிட முக்கியம், கோச் வேலை மாறிப்போகலாம். இரண்டு வருஷத்தில் அவர் வேறு கல்லூரிக்குப் போய்விட்டால் புதிதாக வருகிறவர் உங்கள் பாப்பாவைத் தேர்ந்தெடுத்தவர் இல்லை. கோச்சுக்காகவே ஒரு கல்லூரியை எடுக்காதீர்கள், அவர் இல்லாவிட்டாலும் அந்தப் படிப்பும் ஊரும் அவளுக்குச் சரிப்படுமா என்று பாருங்கள்.

டிவிஷன் 2 என்றால் மட்டமா என்று கேள்வியின் கடைசியில் ஒரு வரி போட்டிருந்தீர்கள். ஜீவ் மில்கா சிங் 1993-இல் டிவிஷன் 2 தனிநபர் பட்டம் வென்றவர், அபிலீன் கிறிஸ்டியன் பல்கலைக்கழகத்துக்காக ஆடினார். அங்கிருந்து ஐரோப்பிய டூர் வரை போனார். அதே சமயம் கல்லூரிக்கே போகாமல் போனவர்களும் இருக்கிறார்கள், நம் பக்கத்து பெங்களூர்ப் பெண் அதிதி அசோக் அப்படித்தான், டோக்கியோ ஒலிம்பிக்கில் நாலாவது இடம். ஆகவே டிவிஷனைப் பார்த்துப் பிள்ளையின் வருங்காலத்தைச் சொல்லிவிட முடியாது. உங்கள் பாப்பா அந்த அணியில் முதல் ஐந்துக்குள் வருவாளா என்பதைப் பாருங்கள். அந்த அணியின் போன வருஷ ஸ்கோர்கள் எல்லாம் வலைத்தளத்தில் இருக்கும், அவளுடைய போட்டி சராசரியை ஐந்தாவது ஆளின் சராசரியோடு வைத்துப் பாருங்கள். மைதானங்கள் வேறு வேறு என்பதால் இது தோராயம்தான். இருந்தாலும் ஐந்தாறு ஸ்ட்ரோக் வித்தியாசம் என்றால் முதல் இரண்டு வருஷம் அவள் போட்டிகளுக்குப் போகாமல் கல்லூரியிலேயே இருக்க வேண்டியிருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம்.

இதுவரை சொன்னதில் நேரம், ஸ்காலர்ஷிப், ஐந்துக்கு நாலு, யோசனை சொல்லும் அனுமதி, இவையெல்லாம் விதி, உறுதியானவை. ஆனால் விதிகள் இப்போது வேகமாக மாறிக்கொண்டிருப்பதால் கையெழுத்துப் போடும் வாரத்தில் ஒருமுறை சரிபாருங்கள். நல்ல கோச்சால் ஸ்கோர் குறையும் என்பது என் நம்பிக்கை, கணக்குப்போட்டுக் காட்ட என்னால் முடியாது, ஏனென்றால் நல்ல ஆட்டக்காரர்களைத் தேடிப்பிடிப்பதே அவர் வேலையாக இருக்கும்போது எது அவரால் வந்தது, எது பிள்ளையோடு வந்தது என்று பிரிக்க முடியாது. நாலு வருஷம் தாக்குப்பிடித்துப் பட்டத்தோடு திரும்புவது கோச்சைப் பொறுத்தது என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை, ஒடிந்தவர்களையும் ஒடியாதவர்களையும் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். ஸ்விங்கும் நன்றாகச் சொல்லித்தரும் கல்லூரி கோச்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் போவதிலும் தவறில்லை, உங்கள் பெங்களூர் கோச்சோடு பேசிக்கொண்டு செய்கிறாரா என்று மட்டும் பாருங்கள்.

அடுத்த காலில் அவரிடம் கேட்க வேண்டியது. ஐந்து பேரை எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள், அது எழுத்தில் இருக்கிறதா? போட்டிக்குப் போகாத வாரத்தில் மற்ற நாலு பேர் என்ன செய்வார்கள், யார் பார்ப்பார்கள்? போன நாலு வருஷத்தில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் அங்கேயே பட்டம் வாங்கினார்கள், எத்தனை பேர் பாதியில் மாறினார்கள்? கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஹாஸ்டலை மூடினால் வெளிநாட்டுப் பிள்ளைகள் எங்கே தங்குவார்கள்? பாப்பா அசைவம் சாப்பிடாவிட்டால் போட்டி வழியில் என்ன கிடைக்கும்? ராத்திரி பதினோரு மணிக்கு அவளுக்கு உடம்பு சரியில்லை என்றால் யாருக்கு போன் செய்ய வேண்டும்? இந்தக் கடைசிக் கேள்விக்கு அவர் தயங்காமல் தன் நம்பரைச் சொல்கிறாரா என்று கவனியுங்கள். உங்கள் பக்கம் செய்ய வேண்டியது, அவளுடைய ஒன்பதாம் வகுப்பு முதலான மார்க் ஷீட் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். என்.சி.ஏ.ஏ. தகுதி மையம் உயர்நிலைப் பள்ளியின் 16 அடிப்படைப் பாடங்களைப் பார்க்கும், டிவிஷன் 2-க்கு அதில் (4-க்கு) 2.2 சராசரி வேண்டும், டிவிஷன் 1-க்கு 2.3.

கோச்சிடம் பேசி முடித்ததும், இப்போது அணியில் இருக்கும் வெளிநாட்டுப் பெண் ஒருத்தியோடு பாப்பா பேச வேண்டும் என்று கேளுங்கள். நீங்கள் பக்கத்தில் இருக்காதீர்கள், அவள் தனியாகப் பேசட்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கேளுங்கள், அன்று பெரும்பாலும் போட்டிக்குக் கிளம்பியிருக்க மாட்டார்கள். அங்கே மத்திய மாநிலங்களில் கோடை நேரப்படி வெள்ளி இரவு ஏழு மணி என்றால் நமக்கு சனி விடியற்காலை ஐந்தரை. எப்படியும் நீங்கள் இருவரும் பெங்களூருக்குக் கிளம்ப எழுந்திருக்கிற நேரம்தான்.